சனிக்கிழமைப் பட்டியல்

எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களில் யார் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்வது என் வேலை. வெளியே சொன்னால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் அந்த வேலை என் கைக்கு வந்த மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை மதியத்திலிருந்து அடுத்த திங்கட்கிழமை வரை நான் பயந்ததைப் போல அதற்கு முன் எதற்கும் பயந்ததில்லை.

யார்டு, திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் கண்டெய்னர்களை இறக்கி வைத்து, கஸ்டம்ஸ் பார்த்து முடித்ததும் சரக்கைப் பிரித்து லாரியில் ஏற்றி அனுப்புவோம். வாசலில் எந்நேரமும் டிரெய்லர்கள் நிற்கும். ஆபீஸ் ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி விரலில் கரி ஒட்டும். நான் தண்டையார்பேட்டைக்காரி. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, பிரிண்டருக்கு மை மாற்றுகிறவளாக அங்கே சேர்ந்தேன். எட்டு வருடத்தில் ‘சிஸ்டம் மேடம்’ ஆகிவிட்டேன். நாற்பது கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன ஏசி அறை, அதற்குள் நான் ஒருத்தி.

கேட் செக்‌ஷனில் யாரோ ஓசியில் சினிமா பார்க்கப் போய் வைரஸ் உள்ளே வந்தது. இரண்டு நாள் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. டிரெய்லர் வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றது. மூன்றாம் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முதலாளிக்குச் சொந்தம். இனிமேல் வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒன்றும் திறக்கக் கூடாது, யார் திறக்கப் பார்த்தாலும் தனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கினோம். அதை விற்ற கம்பெனி ஆள் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டு, எதையெல்லாம் தடுக்க வேண்டுமோ அதற்கெல்லாம் டிக் போடச் சொன்னார். சூதாட்டம், ஆபாசம், சினிமா, விளையாட்டு, கடை, வேலை தேடல், வன்முறை என்று நீளமான வரிசை. நான் மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன தளங்கள் இருக்கின்றன என்று திறந்து பார்க்கவில்லை. தடுத்த பக்கம் வந்தால் திரை சிவப்பாகி ஒரு வாசகம் வரும். மேனேஜர் அது தமிழிலேயே இருக்கட்டும், படித்ததும் கொஞ்சம் பயம் வரட்டும் என்றார். ‘இதற்கு அனுமதி இல்லை. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டது’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நான்கு மணிக்கு ஒரு பட்டியல் தானாக அவருடைய மெயிலுக்குப் போகும். ஆள் பெயர், நேரம், என்ன தேடினார், எந்தத் தளம். அவர் அதை அச்செடுக்கச் சொல்லி, டீ கவுண்டர் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்ட வைத்தார். முதல் வாரப் பட்டியலில் கிளார்க் ஒருவர் கல்யாணத் தளத்தில் பெண் தேடியது வந்தது. ஒரு மாதம் அவரை ஓட்டித் தீர்த்தார்கள். அடுத்த மாதம் பில்லிங்கில் ஒருவர் வேறு வேலை தேடியது வந்தது. திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையோடும் மேசையில் வைத்திருந்த சாமி படத்தோடும் வெளியே போனார். அச்செடுத்துக் கொடுத்தவள் நான்தான். மெஷின் சொல்கிறது, இதில் நான் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். என் திரையில் வரிசையாக நான்கு சிவப்பு வரிகள் வந்திருந்தன. நான்கும் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் பெயரில். பத்து நிமிடத்துக்குள் நான்கு தடவை முயற்சி செய்திருந்தார். முதலில், புருஷன் அடித்தால் எங்கே சொல்வது என்று தேடியிருந்தார். அடுத்து, பெண்கள் உதவி எண். மூன்றாவது, போலீசுக்குப் போகாமல் உதவி. கடைசியாக, குழந்தையோடு தங்க இடம். நான்கு தடவையும் பெண்களுக்கு உதவும் பக்கங்கள்தான் வந்திருக்கின்றன. நான்கையும் ‘வன்முறை’ என்று சொல்லி மெஷின் தடுத்திருந்தது.

அந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நெட்டுக்குப்பத்தில் படகு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். முழங்கை தாண்டிக் கை வைத்த ரவிக்கைதான் போடுவார். ஏசி ஒத்துக்கொள்ளாது என்பார். அவருடைய கணவர் எங்கள் யார்டிலேயே சூப்பர்வைசர். இருவரும் ஒரே வண்டியில் வருவார்கள், ஒரே வண்டியில் போவார்கள். பதினோரு மணிக்கு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு அவரே மாடியேறி வந்து கொடுத்துவிட்டுப் போவார். யார்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற மனிதர். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லுவாள். அவரை நல்லவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போர்டில் பட்டியல் ஒட்டினால் முதலில் போய் நிற்பது அவர்தான். ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி சொல்லுவார். அது நினைவுக்கு வந்ததும் சனிக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன். இன்னும் மூன்று நாள் இருந்தது.

பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று சாக்குச் சொல்லி அக்காவை என் அறைக்கு அழைத்துவந்தேன். கதவைச் சாத்தினேன். அவர் உட்காரவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “அது யாருக்கெல்லாம் போவும்?” என்று கேட்டார்.

இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். சனிக்கிழமை போர்டில் வருமா என்றார். ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் சர்வர் ரேக்கைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு பாத்தாருன்னா என்ன உசுரோட வுட மாட்டாரும்மா. சும்மா சொல்றன்னு நெனிக்காத.”

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அவருடைய போனைத் தினமும் கணவர் வாங்கிப் பார்ப்பாராம். ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கேட்டில் கொடுத்துவிட்டு வருவோமே, அந்தப் போனைக்கூட அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டு மாலையில் தருவாராம். பிறந்த வீட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவையும் அண்ணன்மார்கள் சமாதானம் பேசித் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கணவரின் கண் படாத இடம் என்று அவருக்கு இருந்தது ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றுதான். மூன்று மாதம் யோசித்து, அன்றைக்குத்தான் தைரியம் வந்து தேடியிருக்கிறார். ரவிக்கைக் கையை அவர் உயர்த்திக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஏதாவது செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

வரிகளை அழிக்கலாம். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. ஆனால் நான் அழித்தால், அழித்தேன் என்பதையும் அந்த சாஃப்ட்வேர் எழுதி வைக்கும். எத்தனை வரி, எந்த நாள், யார் அழித்தது என்று விற்ற கம்பெனியிலிருந்து வாராவாரம் முதலாளி ஆபீஸுக்கு ஒரு மெயில் போகும். பில்லிங்கில் இருந்தவர் கையில் சாமி படத்தோடு நடந்து போனது கண்ணிலேயே நின்றது. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அன்று வீட்டுக்குப் போய் அம்மா போட்ட தோசையைத் தின்ன முடியவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் அறைக் கதவு தட்டாமல் திறந்தது. சூப்பர்வைசர். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் டீ டம்ளர். கதவைப் பின்னால் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது.

“இன்னாம்மா, அல்லாரும் இன்னா பாக்குறாங்கோன்னு உனுக்கு இங்கியே தெரியுதாமே?”

வேலை சம்பந்தமாக மட்டும்தான் என்றேன். என் திரையை அவர் பார்க்கிற பக்கமிருந்து திருப்பலாமா, திருப்பினால் சந்தேகப்படுவாரா என்று புரியாமல் அப்படியே விட்டுவிட்டேன். நல்லவேளையாக அதில் ஆன்டிவைரஸ் பக்கம் திறந்திருந்தது.

அவருடைய மனைவி நேற்றிலிருந்து சரியாக இல்லை என்றார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாளாம். டிஸ்பாட்ச்சில் யாரோ, அவள் சிஸ்டத்தில் சிவப்புப் பக்கம் வந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்களாம். சொல்லிவிட்டு டம்ளரை என் மேசைமேல் வைத்தார்.

“எங்க வூட்டுக்காரி இன்னா பாத்தான்னு கொஞ்சம் காட்டேன். நான் யாராண்ட சொல்லப் போறேன்?”

முதலாளி எழுத்தில் அனுமதி கொடுக்காமல் யாருக்கும் காட்ட முடியாது, அது கம்பெனி விதி என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. என் குரல் எனக்கே வேறு யாருடைய குரல் போலவோ கேட்டது. அவர் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அறையில் கத்தினால் ஏசி சத்தத்தில் வெளியே கேட்காது என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது.

“செரி. சனிக்கெழமதான் லிஸ்டு ஒட்டுவாங்கல்ல. அப்போ பாத்துக்கறேன்.”

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுந்து நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைச் செய்தேன். தள்ளிப் போட்டால் பயம் ஜெயித்துவிடும் என்று தெரியும். நான்கு வரிகளையும் தேர்ந்தெடுத்து அழிக்கச் சொன்னேன். ‘காரணம்?’ என்று கேட்டு ஒரு கட்டம் வந்தது. அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. ‘தவறாக வகைப்படுத்தப்பட்டது’ என்று அடித்தேன். மூன்று தடவை எழுத்துப்பிழை வந்து திருத்தினேன். அழித்த கையோடு, அந்த உதவிப் பக்கங்களைத் தடுக்காத வரிசையில் சேர்த்தேன். பிறகு டிஸ்பாட்ச் பக்கம் போய், அக்காவின் கீபோர்டைத் தட்டிப் பார்ப்பது போல நின்று, சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பட்டியல் வந்தது. அச்செடுத்து, ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை படித்தேன். பிறகு கொண்டுபோய் ஒட்டினேன். சூப்பர்வைசர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். அன்றைக்குச் சத்தமாகப் படிக்கவில்லை, கேலியும் பேசவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார். கடைசி வரை வந்து, மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார். டீ வாங்கப் போனவள் போல நின்ற நான் டீயைக் கையில் வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. சூடு உறைக்கவே இல்லை. இரண்டாவது தடவையும் படித்து முடித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, “ஒண்ணியும் இல்ல” என்றார். கேள்வியா பதிலா என்று புரியவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் அந்த மெயிலின் அச்சு இருந்தது.

“எம்மா, நாலு வரிய எடுத்திருக்கியாம்லா. யாரு பேர்ல உள்ளத எடுத்த?”

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன பொய் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை.

“பேர மட்டும் கேக்காதீங்க சார். பேரு வெளிய வந்தா ஒரு பொம்பள உயிருக்கு ஆபத்து.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என்ன தேடினாள் என்று கேட்டார். பெயரை விட்டுவிட்டு, தேடியதை மட்டும் சொன்னேன். கணவரும் நம் யார்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். நான் மேசைமேல் இருந்த அச்சையே பார்த்தேன். யார்டில் கணவன் மனைவியாக வேலை பார்ப்பது மூன்று ஜோடிகள்தான். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் என்னைப் பாராட்டவெல்லாம் இல்லை. தன்னைக் கேட்காமல் அழித்தது தப்பு என்று எழுத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அழிக்கும் அதிகாரத்தை அன்றே பிடுங்கிக்கொண்டார். ஆனால் போர்டில் ஒட்டுவது இனி வேண்டாம் என்றார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி ஒட்டிய காகிதத்தால்தான் ஆனது என்று போலீஸ் வந்து நிற்கும் என்பது அவர் கவலை. நான் கதவு வரைக்கும் போனதும் கூப்பிட்டார். “அந்தப் பக்கத்த மட்டும் தெறந்தே வச்சிரு. வேற ஒண்ணையும் தெறக்காத, கேட்டியா.”

அதற்கப்புறம் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் அறைக்கு வந்து, மேசைப் போனைக் காட்டி, அந்த உதவி எண்ணுக்கு ஒரு தடவை பேசிக்கொள்ளட்டுமா என்றார். நான் கதவருகில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மூடிய கதவுக்கு வெளியே கேட்ட ஒவ்வொரு காலடிச் சத்தமும் சூப்பர்வைசருடையதாகவே தோன்றியது. அதேபோல இன்னும் இரண்டு தடவை வந்து பேசினார். ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம் போலக் கணவரோடு வண்டியில் வந்து இறங்கினார். அன்று கணவர் கப்பல் விஷயமாகத் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்ததால் போன் கேட்டிலேயே இருந்தது. பதினோரு மணிக்கு அக்கா தலைவலி என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு, எடைமேடைப் பக்கத்து வாசல் வழியாக வெளியே போனார். ஆட்டோவில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்களாம். போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஐந்தரை மணிக்கு, துறைமுகத்திலிருந்து திரும்பிய சூப்பர்வைசர் கீழே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்ததை மாடி வராந்தாவிலிருந்து பார்த்தேன். ஆறு மணிக்கு இன்ஜினை நிறுத்தினார். பிறகு மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. என் அறைக்குள் ஓடுவதா, ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போவதா என்று யோசிப்பதற்குள் எதிரில் வந்துவிட்டார்.

“எங்க அவ? நீதான?”

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மையும்கூட. எங்கே தங்கப் போகிறார் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர் இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். அப்போது மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கீழே போய்ப் பேசலாம் என்று தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

பிறகு பல மாதங்கள் நான் ஒரே பஸ்ஸில் தொடர்ந்து இரண்டு நாள் போகவில்லை. சூப்பர்வைசரைப் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு வேறு யார்டுக்குப் போய்விட்டார். அவர் இல்லாத போதும் பதினோரு மணி ஆனால் என் கண் கதவுக்குப் போகும்.

ஏழெட்டு மாதம் கழித்து அக்கா ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தார். மணலி புதுநகரில் மகளோடு இருப்பதாகவும், ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடுவதாகவும் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். அரைக்கை ரவிக்கை போட்டிருந்தார். மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும், நீதான் இதெல்லாம் தெரிந்தவளாயிற்றே, போனில் அவர் எதையாவது வைத்திருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லு என்று தன் போனை நீட்டினார். சிம் மாற்றிவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றார்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வரைபட ஆப்பைத் திறந்தேன். இருக்கும் இடத்தைப் பகிர்கிற வசதி அதில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெயில் கணக்கில், கணவரின் பெயருக்கு, ‘நீங்கள் நிறுத்தும் வரை’ என்று இருந்தது. சிம்மை மாற்றியதால் அது நின்றுபோகவில்லை. அந்த வீடு, அந்தக் கடை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அத்தனை மாதமும் கணவர் கையில் இருந்த போனில் தெரிந்துகொண்டிருந்தன.

அக்காவிடம் காட்டினேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். மகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதை நிறுத்தினேன், கணக்கை மாற்றினேன், போனையே முழுதாக அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் அக்கா அங்கிருந்து வீடு மாறிவிட்டார். புது வீடு எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை ஆபீஸுக்குப் போன் செய்து, நல்லாக் கீறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பார்.

எல்லாம் தெரிந்திருந்தும் அந்த ஏழெட்டு மாதத்தில் அக்காவின் கணவர் ஏன் ஒரு நாள்கூட அந்தக் கதவைத் தட்டவில்லை என்பது எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.